பணி அழுத்தமும் புத்தாக்கமும்

பணி அழுத்தம் என்பது வேலையின் தேவைகள் ஊழியரின் நேரத்தையும் திறனையும் மிஞ்சும்போது எழும் மன, உடல் இறுக்கமாகும். புதிய யோசனையை உருவாக்கி, அதற்குச் சக ஊழியரின் ஆதரவைத் திரட்டி, நடைமுறைக்குக் கொண்டுவரும் செயலாகிய புத்தாக்கத்தை அது எப்போதும் முடக்கிவிடுவதில்லை. 1979இல் ராபர்ட் கராசெக் முன்வைத்த மாதிரியின்படி, சுமை மிகுந்திருந்தும் வேலையைச் செய்யும் முறையைத் தாமே தீர்மானிக்கும் உரிமை உள்ளவர் புதியன கற்கிறார்; அவ்வுரிமை அற்றவரோ இறுக்கத்தில் தளர்கிறார். நெதர்லாந்தின் உணவுத்துறை நிறுவனமொன்றில் ஒன்னே யான்சன் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வு, உழைப்புக்கேற்ற பலன் நியாயமாகக் கிடைப்பதாகக் கருதிய ஊழியரிடமே சுமையோடு புத்தாக்கமும் கூடியதைக் காட்டியது. அழுத்தத்தின் வகையும் முக்கியம்: நெருங்கிவரும் கெடு சிலவேளை ஊக்கமாகலாம். ஆனால், ஒரே கோப்பை இரு மேலதிகாரிகள் இருவிதமாகத் திருத்தச் சொல்லும் 'பங்கு முரண்' போன்ற, வேலைக்குத் தடையாகும் அழுத்தங்களுக்கு அந்தப் பயன் அரிதே.