அருமண் இரும்பு மீக்கடத்திகள்

இரும்பு, ஆர்சனிக் ஆகியவற்றுடன் ஓர் அருமண் தனிமமும் சேர்ந்த, தாழ்வெப்பநிலையில் மின்தடையை முற்றிலும் இழக்கும் படிகச் சேர்மங்கள். டோக்கியோவில் ஹிடியோ ஹொசோனோவின் குழு 2006-இல் லாந்தனம்-இரும்பு-பாஸ்பரஸ்-ஆக்சிஜன் சேர்மத்தில் சுமார் 4 கெல்வினில் மீக்கடத்தலைக் கண்டபோது பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 2008 பிப்ரவரியில் பாஸ்பரஸின் இடத்தில் ஆர்சனிக்கை வைத்து, ஆக்சிஜனில் ஒரு பகுதியை ஃபுளூரினாக மாற்றியதும் மீக்கடத்தல் வெப்பநிலை 26 கெல்வினுக்கு ஏறியது. இரும்பு இருக்கும் இடத்தில் மீக்கடத்தல் தலைகாட்டாது என்று நம்பியிருந்த துறை ஆட்டம் கண்டது.

அருமண், காந்தம், மீக்கடத்தல் மூன்றும் கூடிய ஆய்வில் இந்தியா முன்பே தடம் பதித்திருந்தது. 1994-இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர். நாகராஜன் உள்ளிட்டோர் இட்ரியம்-நிக்கல்-போரான்-கார்பன் சேர்மத்தில் மீக்கடத்தலை அறிவித்தனர். இதே குடும்பத்தின் எர்பியம் சேர்மத்தில் ஏறத்தாழ 11 கெல்வினில் மின்தடை மறைகிறது. 6 கெல்வினில் எர்பியத்தின் காந்தத் திருப்புத்திறன்கள் ஒழுங்குக்கு வருகின்றன. ஒன்று மற்றதை அழிப்பதில்லை.

இரும்புச் சேர்மங்களை அணு விகிதத்தை வைத்து '1111', '122' என வகைப்படுத்துவர். முதல் வகையில் இரும்பு-ஆர்சனிக் அடுக்கும் அருமண்-ஆக்சிஜன் அடுக்கும் மாறிமாறி வரும். மின்னோட்டம் இரும்பு அடுக்கில். அதற்கு எலக்ட்ரான் வழங்குவது மற்ற அடுக்கு. ஃபுளூரின் சேராத லாந்தனம் தாய்ச்சேர்மத்தின் படிகம் சுமார் 155 கெல்வினில் உருமாறுகிறது. 137 கெல்வினில் இரும்பு அணுக்கள் எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கு பெறுகின்றன. தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளின் தாய்ச்சேர்மம் மின்காப்பி. இந்த லாந்தனம் சேர்மமோ மோசமாக மின்கடத்தும் உலோகம். ஃபுளூரின் கூடக்கூட இந்தக் காந்த ஒழுங்கு குலைந்து மீக்கடத்தல் தலையெடுக்கிறது. எலக்ட்ரான்களை இணைசேர்ப்பது இரும்பின் காந்த அலைவுகளே எனப் பரவலாகக் கருதப்படுகிறது. படிக அதிர்வுக்கு மட்டும் அந்த வலு போதாது என்பது பொதுவான கருத்து.

அருமண்ணின் காந்தம் தனிக்கதை. தாய்ச்சேர்மங்களில் சீரியம் 4 கெல்வின் அளவிலும் நியோடிமியம் 2 கெல்வின் அளவிலும்தான் ஒழுங்குபடுகின்றன. 122 வகையில் யூரோப்பியம் 19 கெல்வினிலேயே ஒழுங்கு பெறும்; அதில் பாதியைப் பொட்டாசியமாக மாற்றினால் 32 கெல்வினில் மீக்கடத்தி கிடைக்கும்.

லாந்தனத்திலிருந்து சமாரியம் வரை அருமண் அயனி சிறுக்கச் சிறுக்கப் படிகம் உள்ளுக்குள் நெருக்கப்பட்டு, மீக்கடத்தல் 55 கெல்வின்வரை ஏறுகிறது. காடோலினியத்தில் ஒரு பகுதியைத் தோரியமாக்கியபோது 56 கெல்வின் எட்டியது. டெர்பியம், டிஸ்ப்ரோசியம் என இன்னும் சிறிதானால் மறுபடி இறக்கம். வெளியிலிருந்து 4 கிகாபாஸ்கல் அழுத்தம் தந்தால் லாந்தனம் சேர்மமே 43 கெல்வினைத் தொடும்.

தமிழ்நாட்டிலும் இந்த அழுத்தம் பற்றிய ஆய்வு நடந்தது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக உயர் அழுத்த ஆய்வு மையத்தில் எஸ். ஆறுமுகம் குழு, டெல்லி ஐஐடியின் ஏ. கே. கங்குலியுடன் சேர்ந்து சீரியம்-இட்ரியம் கலந்த 1111 சேர்மத்தை அழுத்திப் பார்த்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டது. பின்னர் காடோலினியம் சேர்மத்தில் இரும்பைப் படிப்படியாகக் கோபால்ட்டாக மாற்றியும் ஆராய்ந்தது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 2009-இல், அருமண் இல்லாத, பேரியம் சேர்ந்த 122 வகையில், அழுத்தத்தால் மீக்கடத்தல் தோன்றுவதை அறிவித்தது.

கம்பி, மெல்லேடு முயற்சிகள் ஆய்வகங்களில் தொடர்கின்றன.

இச்சேர்மங்களுக்கு வேண்டிய லாந்தனம், சீரியம், நியோடிமியம், சமாரியம் ஆகியவையும் தோரியமும் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டில் உள்ளன.