பூட் மெனு காணோமா? ஃபார்மட் அடிக்கும் முன் இதைப் படிங்க! விண்டோஸ் - லினக்ஸ் டூயல் பூட் சிக்கலை சரிசெய்வது எப்படி?

ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க இன்னும் இரண்டே நாள். காரைக்காலில் ஒரு கல்லூரி விடுதி அறை. இரவு முழுக்க விண்டோஸ் அப்டேட் ஓடி முடிந்திருக்கிறது. காலையில் லேப்டாப்பை ஆன் செய்தால், 'உபுண்டுவா, விண்டோஸா' என்று வழக்கமாகக் கேட்கும் மெனு வரவே இல்லை. நேராக விண்டோஸ் திறக்கிறது. ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாம் லினக்ஸ் பக்கம். பக்கத்து அறை நண்பர் சொல்லும் முதல் யோசனை, "ஃபார்மட் அடிச்சிடு மச்சான்!"

இப்படி ஒரு காலை டூயல் பூட் வைத்திருக்கும் யாருக்கும் வரலாம். அப்போது அந்த ஒரு யோசனையை மட்டும் கேட்காதீங்க. மெனு ஏன் காணாமல் போகிறது, ஃபைல்களை இழக்காமல் அதை எப்படி மீட்பது என்று இந்தத் தொகுப்பில் பார்ப்போம்.

டூயல் பூட் என்றால் என்ன?

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்துக்கொண்டு, ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் டூயல் பூட். பெரும்பாலும் விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் ஒன்று.

இது நம்ம ஊருக்குப் புதிதல்ல. 2011 செப்டம்பர் 15-ம் தேதி தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினி திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பல மாணவர்கள் பூட் மெனுவை முதல்முறை பார்த்தது அப்போதுதான்.

இப்போது இதைப் பற்றிப் பேசக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பல பழைய கம்ப்யூட்டர்களில் அது இல்லை. அதனால் பழைய விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்பது பலருக்கும் ஒரு வழியாக இருக்கிறது.

மெனு காணோம் என்றால் லினக்ஸ் அழிஞ்சு போச்சா?

பெரும்பாலான நேரங்களில் இல்லை.

காரைக்காலையே எடுத்துக்கொள்வோம். மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே கடல். நாகூர் தாண்டி வாஞ்சூர் வந்தால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி. வடக்கே பூவம் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. சாலை ஒன்றுதான், ஆனால் எல்லையும் நிர்வாகமும் வேறு. ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். விண்டோஸுக்கு நடுவே லினக்ஸுக்கு என்று தனி 'பார்ட்டிஷன்' இருக்கும். வாஞ்சூரில் இருக்கும் வழிகாட்டிப் பலகை விழுந்துவிட்டால் காரைக்கால் காணாமல் போய்விடுமா? பூட் மெனுவும் வெறும் வழிகாட்டிப் பலகைதான். பலகையைத் திரும்ப நட்டால் போதும்.

ஆனால் ஃபார்மட் என்பது அந்த ஊரையே அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது!

ஆன் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது?

இன்றைய கம்ப்யூட்டர்களில் முதலில் எழுவது 'யூஇஎஃப்ஐ' என்ற அடிப்படை மென்பொருள். பேச்சு வழக்கில் நாம் இதையும் 'பயாஸ்' என்றே சொல்கிறோம். எந்த சிஸ்டத்தை முதலில் தொடங்க வேண்டும் என்ற பட்டியல் இதனிடம் இருக்கும். விண்டோஸின் 'பூட் மேனேஜர்', லினக்ஸின் 'கிரப்' இரண்டும் அந்தப் பட்டியலில் தனித்தனிப் பெயர்களாக இருக்கும். கிரப் முதலிடத்தில் இருந்தால் மெனு வரும். விண்டோஸ் முதலிடத்துக்கு ஏறிவிட்டால் மெனு வராது. விஷயம் அவ்வளவுதான்.

பழைய பயாஸ் முறை கம்ப்யூட்டர்களில் கதை வேறு. அங்கே டிஸ்க்கின் முதல் 512 பைட் இடத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். லினக்ஸுக்குப் பிறகு விண்டோஸைப் போட்டால், அது கிரப்பை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும்.

உங்களுடையது எந்த வகை? விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறங்க. 'பயாஸ் மோட்' என்ற வரியில் யூஇஎஃப்ஐ அல்லது லெகசி என்று போட்டிருக்கும்.

கை வைக்கும் முன் மூன்று வேலைகள்

1. பிட்லாக்கர் கீ: விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் செக்யூர் பூட்டை மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். அது இல்லையென்றால் உங்கள் ஃபைல்களை நீங்களே திறக்க முடியாது. முதலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைத் தாளில் எழுதி வைங்க.

2. சார்ஜர்: பேட்டரியை நம்பாதீங்க. மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பூட் பகுதியை எழுதிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் அணைந்தால் சின்ன சிக்கல் பெரிதாகிவிடும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால், மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

3. பேக்அப்: முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுங்க. லினக்ஸுக்குள் நுழைய முடியாவிட்டாலும், கீழே சொல்லப்போகும் பென்டிரைவ் முறையில் அவற்றை எடுக்கலாம்.

சிக்கல் 1: நேராக விண்டோஸுக்கே போகுது

இதுதான் அதிகம் வருவது, எளிதில் தீர்வதும் இதுதான். லேப்டாப்பை முழுமையாக அணைத்து, ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயைத் தொடர்ந்து தட்டுங்க.

- டெல், லெனோவா: எஃப்12
- ஹெச்பி: எஃப்9
- ஆசஸ் லேப்டாப்: எஸ்கேப்
- ஏசர்: எஃப்12 (பயாஸில் இதை முன்பே ஆன் செய்திருக்க வேண்டும்)

வரும் பட்டியலில் 'உபுண்டு' அல்லது உங்கள் லினக்ஸின் பெயரைத் தேர்ந்தெடுங்க. உள்ளே போய்விட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு பயாஸுக்குள் சென்று 'பூட் ஆர்டர்' பகுதியில் அதை முதலிடத்துக்கு நகர்த்தி சேவ் செய்யுங்க. பயாஸுக்குள் நுழைய ஹெச்பியில் எஃப்10, மற்ற பல பிராண்டுகளில் எஃப்2.

கீ வேலை செய்யவில்லையா? விண்டோஸில் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டை க்ளிக் செய்யுங்க. வரும் நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதில் லினக்ஸின் பெயர் இருக்கிறதா என்று பாருங்க. இல்லையென்றால் 'ட்ரபிள்ஷூட்' வழியாக யூஇஎஃப்ஐ செட்டிங்ஸுக்குள் போகலாம்.

பழைய லெகசி வகையில் பட்டியலில் டிஸ்க்கின் பெயர் மட்டுமே வரும். அவர்கள் நேராக பூட் ரிப்பேர் பகுதிக்குப் போகலாம்.

சிக்கல் 2: மெனு வருது, அதில் விண்டோஸ் இல்லை

2021-ல் வந்த கிரப் 2.06 முதல், பக்கத்தில் வேறு சிஸ்டம் இருக்கிறதா என்று தேடும் வேலையைப் பாதுகாப்புக் காரணத்துக்காக அது தானாகச் செய்வதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும். கிரப் அமைப்புக் கோப்பில் 'கிரப் டிசேபிள் ஓஎஸ் புரோபர்' என்ற வரியில் 'ஃபால்ஸ்' என்று மாற்றி சேவ் செய்யுங்க. அந்த வரியின் முன்னால் ஹேஷ் குறி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்க.

பிறகு உபுண்டு, மின்ட் போன்றவற்றில் டெர்மினலைத் திறந்து 'சூடோ அப்டேட்-கிரப்' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்க. சூடோவுக்குப் பின் ஒரு இடைவெளி, அப்டேட்டுக்கும் கிரப்புக்கும் நடுவே ஒரு ஹைஃபன். வரும் வரிகளில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று தெரிந்தால் வேலை முடிந்தது.

மெனுவே வராமல் நேராக லினக்ஸ் திறந்தால், அது மறைந்திருக்கலாம். ஆன் செய்ததும் எஸ்கேப் கீயை ஒருமுறை தட்டிப் பாருங்க. பழைய வகை என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிங்க.

சிக்கல் 3: கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ'

விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து, பெயர் தெரியாத ஒரு பார்ட்டிஷன் சும்மா இடத்தை அடைக்கிறதே என்று அழித்தீர்களா? லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸ் படிக்காது. அதனால் பெயரில்லாத இடம் போலத்தான் காட்டும். அழித்ததும் கிரப்புக்குத் தன் வீடு எங்கே என்று தெரியாமல் இந்தத் திரையில் நின்றுவிடும்.

யூஇஎஃப்ஐ வகை என்றால் பூட் மெனு கீயில் 'விண்டோஸ் பூட் மேனேஜரை'த் தேர்ந்தெடுத்து விண்டோஸுக்குள் போய்விடலாம். அழித்த இடத்தில் புதிதாக எதையும் எழுதாமல் நிறுத்தினால், லினக்ஸ் ஃபைல்களை மீட்க வாய்ப்பு உண்டு. பார்ட்டிஷனை அழிக்காமல் அளவை மட்டும் மாற்றியவர்களுக்கு பூட் ரிப்பேர் போதுமானதாக இருக்கலாம்.

சிக்கல் 4: 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்'

2024 ஆகஸ்ட் 13-ம் தேதி வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, உலகம் முழுக்கப் பலரின் டூயல் பூட் கம்ப்யூட்டர்களில் இந்த வாசகத்துடன் லினக்ஸ் திறக்க மறுத்தது. பாதுகாப்புக் குறை உள்ள பழைய பூட் லோடர்களைத் தடுப்பதுதான் அந்த அப்டேட்டின் நோக்கம். டூயல் பூட் கம்ப்யூட்டர்களை அது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் சிலவற்றை அடையாளம் காணத் தவறியது. 2025 மே மாத அப்டேட்டில் இதற்குத் தீர்வு தரப்பட்டது.

இன்னும் அந்தத் திரை வருகிறதா? பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக ஆஃப் செய்யுங்க. லினக்ஸுக்குள் நுழைந்து எல்லா அப்டேட்டையும் போடுங்க. பிறகு செக்யூர் பூட்டை மறக்காமல் திரும்ப ஆன் செய்யுங்க. பழைய லினக்ஸ் பென்டிரைவிலும் இதே பிழை வரலாம். புதிய பதிப்பை இறக்கிப் போடுவதே வழி.

சிக்கல் 5: ஒவ்வொரு முறையும் அமைப்பு மாறிடுது

பழைய டெஸ்க்டாப்பில் பூட் ஆர்டரை மாற்றி வைத்தாலும் மறுநாள் பழையபடி ஆகிறது, தேதியும் பல வருஷம் பின்னால் போகிறது என்றால், மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும். சிஆர்2032 என்று கேட்டால் கடையில் கிடைக்கும்.

நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் மட்டும் தள்ளிக் காட்டினால் அது பேட்டரி கோளாறு இல்லை. கம்ப்யூட்டர் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் இந்திய நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம். பயப்பட வேண்டாம்.

எதுவும் சரிவரலையா? பூட் ரிப்பேர் இருக்கு

- வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட்டை இறக்குங்க. 8 ஜிபி பென்டிரைவில் 'ரூஃபஸ்' செயலி மூலம் எழுதுங்க. பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், கவனம்.
- சிக்கல் உள்ள கம்ப்யூட்டரில் அதைச் செருகி, பூட் மெனு கீ மூலம் பென்டிரைவிலிருந்து தொடங்குங்க. உங்கள் கம்ப்யூட்டர் யூஇஎஃப்ஐ என்றால், பட்டியலில் யூஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும் பென்டிரைவ் பெயரையே தேர்ந்தெடுங்க.
- இன்ஸ்டால் செய்யாமலே மின்ட் திறக்கும். ஃபைல் மேனேஜரில் உங்கள் லினக்ஸ் பார்ட்டிஷன் தெரியும். முதலில் ப்ராஜெக்ட் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்க.
- இன்டர்நெட்டை இணைத்து, மெனுவில் 'பூட் ரிப்பேர்' என்று தேடித் திறங்க. 'ரெகமெண்டட் ரிப்பேர்' பட்டனை அழுத்துங்க. முடிந்ததும் பென்டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்க.

கடைக்குக் கொண்டு போறீங்களா?

நாமே செய்ய பயமாக இருந்தால் சர்வீஸ் கடைக்குப் போவதில் தப்பில்லை. ஆனால் கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லுங்க: "இதில் லினக்ஸும் இருக்கு. ஃபார்மட் பண்ண வேண்டாம். பூட் லோடரை மட்டும் சரி பண்ணிக் கொடுங்க." ரசீதிலும் அதை எழுதச் சொல்லுங்க. பூட் லோடர் போவதும் ஹார்ட் டிஸ்க் போவதும் ஒன்றல்ல. டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, பயாஸிலேயே டிஸ்க் பெயர் தெரியாவிட்டாலோதான் வன்பொருள் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும்.

மறுபடி வராமல் இருக்க...

- புதிதாக டூயல் பூட் அமைத்தால் விண்டோஸை முதலில், லினக்ஸைப் பிறகு போடுங்க.
- விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை ஆஃப் செய்யுங்க. அது இருக்கும்வரை ஷட்டவுன் முழுமையான ஷட்டவுன் இல்லை.
- ப்ராஜெக்ட், தேர்வு நாட்களில் பெரிய அப்டேட்டைத் தள்ளிப் போடுங்க.
- மின்ட் பென்டிரைவ் ஒன்றை எப்போதும் தயாராக வைங்க. விடுதியில் நாலு பேருக்கு ஒன்று இருந்தாலே போதும்.

மெனு போனால் பத்து நிமிடத்தில் கொண்டு வந்துவிடலாம். பேக்அப் இல்லாமல் ஃபார்மட் அடித்துவிட்டால் ஆறு மாத உழைப்பைக் கொண்டு வருவது கஷ்டம். அடுத்த முறை யாராவது "ஃபார்மட் அடிச்சிடு" என்று சொன்னால், முதலில் எஃப்12-ஐத் தட்டிப் பாருங்க!