கடல்மேல் ஓர் அனாமத்துக் கணக்கு

பெயர் தெரியாமல் வரும் பணத்தை எங்கள் பேரேட்டில் அனாமத்து என்று எழுதி வைப்போம். பணம் வந்தது நிஜம். யாருடையது என்பதுதான் தெரியாது. பறக்கும் தட்டைப் பற்றிப் பேசும் அன்பர்கள் பலர் இந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள்.

2004 நவம்பர் 14. கலிபோர்னியாவுக்கு அப்பால் பசிபிக் கடலில் அமெரிக்கக் கடற்படையின் நிமிட்ஸ் கப்பல் அணி பயிற்சியில் இருந்தது. பிரின்ஸ்டன் கப்பலின் ராடாரில் இனம் தெரியாத பொருள்கள் தென்பட, பார்த்துவரப் போனார் விமானி கமாண்டர் டேவிட் ஃப்ரேவர். கலங்கிய நீருக்கு மேலே, இறக்கையே இல்லாத வெள்ளைப் பொருள் ஒன்று! நெருங்கியதும் மாயமாய்ப் போயிற்றாம். கூடப் போன விமானத்தாரும் கண்டார்கள். 2023 ஜூலை 26-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் பிரமாணம் எடுத்து அவர் இதையே சொன்னார். லேசில் தள்ளக்கூடிய சாட்சி அல்ல.

ஆயினும் 2021 ஜூன் அரசு அறிக்கையில் 144 பதிவுகள். பெரும்பாலும் ராணுவ விமானிகள் நேரில் கண்டவை. விளக்கம் கிடைத்தது ஒன்றுக்கே. அது காற்றிறங்கிய பலூன். மிச்சம் 143-ம் அனாமத்துதான். வேற்றுலகத்தார் கணக்கில் அவற்றை வரவு வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

பெயரை அவசரமாக எழுதினால் என்ன ஆகும் என்பது நம்ம கடலுக்கும் தெரியும். 2012 பிப்ரவரி 15-இல் கேரளக் கரைக்கு அப்பால், என்ரிகா லெக்ஸி என்ற எண்ணெய்க் கப்பலின் காவலுக்கு வந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள், எதிரே வந்த படகைக் கொள்ளையர் படகு என்று எண்ணிச் சுட்டார்கள். அவர்களும் பயிற்சி பெற்றவர்களே. அது செயின்ட் ஆண்டனி என்ற மீன்பிடிப் படகு. மாண்ட இரு மீனவரில் ஒருவர், நெய்யாற்றின்கரை தாலூகாவின் பொழியூரைத் தாண்டினால் வருகிற குமரி மாவட்டக் கடற்கரைக்காரர். 2021 ஜூனில் 10 கோடி ரூபாய் நஷ்டஈட்டோடு உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை முடித்து வைத்தது.