உபரத்தினத்தின் விலை

நவரத்தின வரிசையில் இடம்பெறாத மணிகளை உபரத்தினம் என்பது வழக்கு. சூதுபவளம் அத்தகைய ஒன்று. கடற்கரை மணலைப் போல் அதுவும் பெரும்பாலும் சிலிக்காவே. இரும்புக் கலப்பினாலேயே அதற்குச் செந்நிறம் வாய்க்கிறது. அரிதன்றான இக்கல் அரச குடும்பத்தினரின் அணியானது எவ்வாறு?

ஈராக்கில், ஊர் எனும் பழம்பதியில் லெனாட் வூலி 1922 முதல் 1934 வரை அகழ்வு நடத்தினார். அங்கே, கி. மு. 2500 அளவிலான அரச கல்லறைகளிற் கிடைத்த நீண்ட சூதுபவள மணிகள் சிந்துவெளிக் கைவண்ணத்தைச் சேர்ந்தவை. சிந்துவெளியின் சான்குதாரோவிலும் குஜராத்தின் லோதாலிலும் மணிப்பட்டறைகள் வெளிப்பட்டுள்ளன. கல்லைச் சூடேற்றிச் சிவப்பேற்றினர், தட்டிச் சீவினர், தேய்த்தனர், அதனினும் வலிய கல்லூசியால் துளையிட்டனர். ஒரு நீண்ட மணியைத் துளைக்கவே பல நாட்கள் வேண்டும். ஆகவே, அம்மணியின் மதிப்பு மண்ணில் விளைந்ததன்று. மனித உழைப்பில் விளைந்தது. புவாபி அரசியின் பெயரை முத்திரை காத்துத் தந்தது. மணி துளைத்தவனின் பெயரைக் காப்பார் எவருமிலர்.

அக்கைத்தொழில் குஜராத்தின் கம்பாத் நகரில் இன்றும் வாழ்கிறது. அரபு நாடுகளுக்கும் ஆபிரிக்காவுக்கும் நூற்றாண்டுகளாக அங்கிருந்து மணிகள் சென்றன. முஸ்லிம்கள் பலர் அகீக் எனப் போற்றி மோதிரத்திற் பதிப்பதும் இக்கல்லையே. அணிபவருக்கு அது காப்பு, கடைபவருக்கோ காலன்.

மின்விசைச் சாணையிற் கல்லைத் தேய்க்கையில் நுண்தூசி பறக்கிறது. அது நுரையீரலிற் படிந்து தழும்பாகி, மூச்சை மெல்ல மெல்ல அடைக்கிறது. சிலிக்கோசிஸ் எனும் இந்நோயை மாற்றும் மருந்து இல்லை. காசமும் எளிதிற் பற்றுகிறது. வீடே பட்டறையாதலால் பெண்களும் குழந்தைகளும் அயலவரும் அத்தூசியையே சுவாசிக்கின்றனர். இந்தியாவின் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமோ, மின்விசையுடன் பத்துப் பேரேனும் வேலை செய்யும் இடங்களையே பொதுவாகத் தழுவியது. வீட்டுத் திண்ணைச் சாணை அதன் கண்ணிற் படவில்லை.

இது விதியன்று. தூசியை உறிஞ்சியகற்றும் பொறிகள் உள்ளன. கூலி துண்டுக்கணக்கில் அளக்கப்படும்வரை, ஏழைத் தொழிலாளி அவற்றைத் தானே வாங்குவது எங்ஙனம்? அச்செலவை ஏற்கவேண்டியவர்கள் மணியை விற்று இலாபம் காண்போரும் அரசுமே.

கல்லின் நிறத்தையும் ஒளியையும் எடைபோட்டு விலை குறிப்பவர்கள், அதைக் கடைந்தவனின் மூச்சையும் அக்கணக்கிற் சேர்க்கட்டும். அதுவரை உபரத்தினம் மலிவானது என்று கூற நமக்கு உரிமையில்லை.