மாம்பழத்தின் சரிபாதி

ஆரணி வட்டாரப் பட்டு நெசவு ஊர்களுள் ஒன்றான நமது பெரணமல்லூரில், ஒரு புடவையை நெய்தவர் யார் என்று கேட்டால் தறியில் அமர்ந்தவரின் பெயரே விடையாக வரும். தார் சுற்றி, அறுந்த இழையைப் பிணைத்துத் தந்த மனைவியும் மகளும் 'கூடமாட ஒத்தாசை' செய்தவர்கள் மட்டுமே. குழந்தைகளுக்கான அனிமேஷன் படங்களில் பெண் எவ்வாறு மாறி வந்திருக்கிறாள் என்று ஆராயும்போது இந்தக் கணக்கை நாம் மறந்துவிடலாகாது.

1937-இல் வெளிவந்த டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்தில், சமைக்கவும் துவைக்கவும் பெருக்கவும் முன்வந்தே இளவரசி ஏழு குள்ளர்களின் வீட்டில் அடைக்கலம் பெறுகிறாள். 1950-இன் சிண்ட்ரெல்லாவும் 1959-இன் உறங்கும் அழகியும் இளவரசனின் வருகையால் மீட்சி அடைகிறவர்கள். 1991-இல் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் லிண்டா வூல்வர்டன் என்ற பெண். அதன் நாயகி புத்தகம் படிப்பவள். 1998-இல் முலான் ஆணுடை பூண்டு போருக்குப் போனாள். 2013-இன் 'ஃப்ரோஸன்' படத்தில் காதலனின் முத்தமன்று, தமக்கை தங்கையரின் அன்பே சாபத்தைத் தீர்த்தது. 2016-இன் மோவானாவுக்குக் காதலனே இல்லை, கடல்தான் இருந்தது.

இந்த வரலாற்றை மேற்கை மட்டும் கொண்டு எழுதுவது பிழை. 'பாம்பி' போன்ற டிஸ்னி படங்களில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ், 1956-இல் மும்பைத் திரைப்படப் பிரிவில் இந்தியக் கலைஞர்களுக்கு அனிமேஷன் பயிற்றுவித்தார். அங்கே கற்றவர்களுள் ஒருவர் ராம் மோகன். அதே திரைப்படப் பிரிவு 1974-இல் தயாரித்து, விஜயா முலே இயக்கிய 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' படத்தில், ஒற்றுமை என்றால் என்ன என்று தம்பிக்கு விளக்குபவள் அக்காள். ஆசிரியராகப் பெண் அமர்ந்துவிட்டாள். அதை யாரும் புரட்சி என்று அறிவிக்கவில்லை.

1990-களில் யுனிசெப் தெற்காசியாவுக்காக 'மீனா' தொடரை உருவாக்கியபோது அதில் முக்கியப் பங்காற்றியவரும் ராம் மோகனே. மீனா பறித்து வந்த மாம்பழத்தில் பெரிய பங்கு தம்பி ராஜுவுக்குப் போகிறது. அவனே அதிகம் உழைப்பவன் என்பது வீட்டாரின் நியாயம். இருவரும் ஒருநாள் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். ராஜு களைத்துப் போகிறான். மீனா போருக்கும் போகவில்லை, கடலையும் கடக்கவில்லை. வீட்டு வேலையும் வேலைதானே என்று கேட்டாள், அவ்வளவே. முலானும் மோவானாவும் கேட்காத கேள்வி அது.

2007-இல் தொடங்கிய சுட்டி டிவியில் டோரா தமிழ் பேசி, வரைபடமும் முதுகுப்பையுமாக வீட்டைவிட்டுப் புறப்பட்டாள். நம் தெருப் பெண்பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் மறு ஆண்டே வந்த 'சோட்டா பீம்' தொடரில் பீமின் வலிமை லட்டிலிருந்து வருகிறது. அந்த லட்டு, தோழி சுட்கி வீட்டு லட்டு. வெற்றி மட்டும் பீமுடையது. மாற்றம் ஒரே சீரான ஏறுமுகமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெண் வெளியே போவதைக் குழந்தைப் படங்கள் இன்று இயல்பாகக் காட்டுகின்றன. உள்ளே அவள் செய்வதை எண்ணிக் காட்டுபவை மிகச் சில. தார் சுற்றியபடியே தொலைக்காட்சி பார்க்கும் சிறுமிக்கு மோவானாவின் கடலும் வேண்டும், மீனாவின் கணக்கும் வேண்டும். முதலாவதை நாம் கொடுத்துவிட்டோம். இரண்டாவது, கேட்கப்பட்டு முப்பது ஆண்டுகள் ஆகியும், இன்னும் பாக்கி நிற்கிறது.