கண்டியில் தாராக்குஞ்சு: அரண்மனையிலிருந்து அடுக்களைவரை

கண்டி மலைநாட்டில் கோழி குடியானவன் வீட்டிலும் வளர்ந்தது. தாரா ஒரு காலத்தில் மன்னனிடம் மட்டுமே இருந்தது. இதற்குச் சான்று இராபர்ட் நொக்ஸின் நூல். 1660இல் மூதூர்ப் பக்கம் பிடிபட்ட இந்த ஆங்கில மாலுமி, 1679இல் தப்பிச் செல்லும்வரை கண்டி இராச்சியத்துக்குள்ளேயே வாழ்ந்தார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், இரண்டாம் இராஜசிங்கன் வாத்து, தாரா, வான்கோழி, புறா ஆகியவற்றைப் பழக்கி வளர்த்ததையும், மற்றவர்களுக்கு அந்த அனுமதி இல்லாதிருந்ததையும் குறிப்பிடுகிறது. வான்கோழியின் தலை நிறம் மாறுவது மன்னனுக்குப் பிடிக்கவில்லை. இப்பறவைகளில் எதையும் அவன் உணவுக்காகக் கொல்லவில்லை என்பதும் நொக்ஸ் தரும் செய்தியே.

உயிருள்ள தாரா அரண்மனைக்கு உரியதாக இருந்த அந்நாட்டில், அதன் குடும்பத்தைச் சேர்ந்த அன்னத்தின் உருவம் ஊரறிந்ததாக இருந்தது. கண்டிக்குத் தென்மேற்கே உள்ள எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களில் கழுத்தோடு கழுத்துப் பின்னிய இரட்டை அன்னங்கள் செதுக்கப்பட்டுள்ளன. 14ஆம் நூற்றாண்டில், கம்பளை மன்னர் காலத்தில் எழுந்த கோயில் அது. அதே இரட்டை அன்னம் கண்டியக் கைவினையில் தொடர்ந்து இடம்பெற்றது.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானதும் மன்னனின் தனியுரிமைகள் முடிவுக்கு வந்தன. 1820களில் கொழும்பு வீதியும், 1867இல் புகையிரதப் பாதையும் கண்டியை எட்டின. கரையோரத்துப் பண்டங்கள் மலையேறுவது எளிதாயிற்று. ஆயினும் இலங்கையில் தாரா வளர்ப்பு பெரும்பாலும் மேற்குக் கரையோரத் தாழ்நிலத்துக்கே உரியதாக நின்றது. மலைச்சரிவில் மந்தையாக மேய்க்க விரிந்த வயலோ குளமோ குறைவு. ஆகவே கண்டியில் தாரா பெருந்தொழிலாக வளரவில்லை. ஒன்றிரண்டு பறவைகளை வைத்திருக்கும் வீட்டு வளர்ப்பாகவே அமைந்தது.

இந்த வளர்ப்பின் முதல் சிக்கல் அடைகாத்தல். முட்டைக்காகப் பெருக்கப்பட்ட தாரா இனங்கள் அடையில் நிலைத்து உட்காருவது அரிது. இந்தோனேசியத் தீவுகளில் தோன்றிய இந்தியன் ரன்னரும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் அடெல் கேம்பல் உருவாக்கிய காக்கி கேம்பலும் இத்தகையவை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மணிலாத் தாராவோ நன்றாக அடைகாக்கும். அதன் முட்டை பொரிக்க 35 நாள் செல்லும். மற்றத் தாரா முட்டைகளுக்கு 28 நாள் போதும்.

எனவே தாரா முட்டை அடைக்கோழியிடம் போனது. கோழி முட்டை பொரிப்பது 21 நாளில். தாராவுக்காகக் கோழி மேலும் ஒரு வாரம் உட்கார வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைப்பவர்கள் தாரா முட்டையை ஏழு நாள் முந்தி வைப்பார்கள். இல்லாவிட்டால், கோழிக்குஞ்சுகள் வெளிவந்ததும் தாய் அவற்றோடு எழுந்து போய்விடும். தாரா முட்டை குளிர்ந்து கெடும். கூடையில் வைக்கோல் பரப்பி அடை வைப்பதும், இடியோசையில் முட்டை கூழாகாதிருக்க இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் போடுவதும் தமிழர் வீடுகளில் நெடுங்காலம் இருந்த வழக்கங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழை பெய்யும் கண்டியில் இந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் இரும்பால் இடியைத் தடுக்க முடியாது. முட்டை கெடுவதற்கு வழமையான காரணங்கள் கரு கூடாமையும், கிருமியும், வெப்பக் குறைவுமே.

பொரிப்பான் வந்தபின் கோழியின் தயவு தேவைப்படவில்லை. மண் அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கில் முட்டை பொரிக்கும் கலை எகிப்தில் மிகப் பழையது. வீட்டுக்கு ஏற்ற சிறு கருவி 19ஆம் நூற்றாண்டில்தான் செப்பமானது. 1881இல் சார்ள்ஸ் ஹியர்சன் இங்கிலாந்தில் உருவாக்கிய பொரிப்பானில், விரிந்து சுருங்கும் உலோகச் சிமிழ் ஒன்று வெப்பத்தைத் தானே சீராக்கியது. அதன்பின் மண்ணெண்ணெய் விளக்கும், மின்சாரம் எட்டிய இடங்களில் மின்குமிழும் தாய்ச்சூட்டின் இடத்தை எடுத்துக்கொண்டன. காற்றோட்ட விசிறியுள்ள பெட்டியில் 37.5 பாகை செல்சியஸ் வேண்டும். முட்டையை நாளுக்குப் பலமுறை திருப்ப வேண்டும். கடைசி மூன்று நாள் திருப்பலாகாது. அந்நாட்களில் ஈரப்பதம் கூட வேண்டும். குறைந்தால் உட்சவ்வு உலர்ந்து குஞ்சை இறுக்கிவிடும். ஓட்டில் முதல் கீறல் விழுந்தபின் குஞ்சு வெளிவர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். பொறுக்காமல் ஓட்டை உரித்தால், இன்னும் உள்வாங்கப்படாத இரத்தக் குழாய்கள் கிழியும்.

ஒற்றை முட்டையைப் பொரிக்க வைப்பவர் ஓர் உறவுக்கும் பொறுப்பேற்கிறார். பிறந்தவுடன் அசையும் முதல் உருவத்தைத் தாயாக ஏற்றுப் பின்தொடர்வது தாரா, வாத்துக் குஞ்சுகளின் இயல்பு. கோழிக்குஞ்சுகளில் இதை டக்ளஸ் ஸ்பால்டிங் 1873இல் பதிவுசெய்தார்; கொன்ராட் லோரன்ஸ் 1935இல் விரிவாக விளக்கினார். லோரன்ஸுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. எக்கார்ட் ஹெஸ் காட்டுத்தாராக் குஞ்சுகளில் நடத்திய சோதனைகளில், பொரித்த 13 முதல் 16 மணி நேரத்துக்குள் இப்பிணைப்பு மிக உறுதியாக ஏற்பட்டது. ஆகவே தனியே பொரித்த குஞ்சுக்கு வளர்ப்பவரே தாய்; அவர் விலகினால் அது ஓயாமல் கத்தும். இன்னொரு குஞ்சு கூட இருப்பதே அதற்கு இயல்பான ஆறுதல்.

கண்டியின் உயரம் ஏறத்தாழ 500 மீற்றர். தை மாத இரவுகளில் வெப்பம் 20 பாகைக்கும் கீழே இறங்கும். முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 32 பாகைச் சூடு வேண்டும். பிறகு வாரந்தோறும் மூன்று பாகை அளவில் குறைத்து வரலாம். விளக்கின்கீழ் ஒடுங்கினால் குளிர் என்றும், விலகி வாய் பிளந்தால் சூடு மிகுதி என்றும் கொள்ள வேண்டும். தாயின் இறகோடு உரசி வளராத குஞ்சின் தூவியில் எண்ணெய்ப்பசை போதாது. அதைக் குளத்திலோ தொட்டியிலோ விட்டுவிட்டால் நனைந்து விறைத்து இறக்கக்கூடும். மூக்கு முங்கும் ஆழத்துக்குக் குடிநீர் இருப்பது மட்டும் கட்டாயம்.

தீனியிலும் தாராவும் கோழியும் ஒன்றல்ல. தாராக்குஞ்சுக்கு நியாசின் என்னும் உயிர்ச்சத்து கூடுதலாக வேண்டும். குறைந்தால் கால் வளைந்து நடை தளரும். தவிடும் அரிசிக் குறுநலும் மட்டும் போதா. கோழிக்குஞ்சுத் தீனோடு உப்பில்லாத மீன், பட்டாணி, மதுவம் ஆகியவற்றைச் சேர்ப்பது நல்லது. நறுக்கிய கங்குன் கீரையும் வயல் நத்தையும் வளர்ந்தபின் உதவும்.

20ஆம் நூற்றாண்டில் கண்டிச் சுற்றுப்புறமே நாட்டின் கால்நடை அறிவியலுக்கு மையமாயிற்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவ பீடம், கெட்டம்பேயில் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம், குண்டசாலைப் பகுதியில் கோழி ஆராய்ச்சி நிலையம் ஆகியவை அமைந்தன. கன்னொறுவையில் 1967இல் கால்நடை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. தாரா வளர்த்த இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் போர்த்துக்கேயரை முறியடித்த ஊரும் கன்னொறுவையே. நோய்க்கு ஆலோசனையும் தடுப்பு வழிகளும் மலைநாட்டு வளர்ப்போருக்கு அருகிலேயே கிடைக்கத் தொடங்கின.

ஏழெட்டு வாரத்தில் குஞ்சுக்கு இறகு முழுதாக முளைத்துவிடும். பேடாயின், முட்டை இனங்களில் ஐந்தாறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். நன்கு பேணினால் பத்து ஆண்டுக்கும் கூட வாழும். கூட்டமாக வாழும் இப்பறவைக்கு வளர்ந்த பிறகும் துணை வேண்டும். மனிதப் பாசம் அதற்கு முழு ஈடாகாது. ஒரே குஞ்சைப் பொரித்தெடுத்த வீடு, அதற்குத் தன் இனத்தில் ஒரு தோழமையையும் இரவில் கீரியும் நாயும் அணுகாத கூட்டையும் அமைத்துக் கொடுப்பதோடுதான் வளர்ப்பு நிறைவுறுகிறது.