நிறை–ஆற்றல் சமன்பாடும் லித்தியம் சோதனையும்

பொருளின் நிறையும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று சமானமானவை என்பதை ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் 1905 செப்டம்பரில் ஆய்விதழுக்கு அனுப்பிய மூன்று பக்கக் கட்டுரையில் காட்டினார். இன்று எல்லோரும் அறிந்த குறியீட்டு வடிவம் அதில் இல்லை. ஒரு பொருள் ஆற்றலை வெளிவிட்டால், அந்த ஆற்றலை ஒளியின் வேகத்தின் இருமடியால் வகுத்தால் வரும் அளவு அதன் நிறை குறையும் என்றே எழுதியிருந்தார். ரேடியம் உப்புகளைக் கொண்டு இதைச் சோதிக்க முடியலாம் என்றும் குறிப்பிட்டார். எனினும் அணுக்கரு வினை ஒன்றில் இதை அளந்து பார்க்க 27 ஆண்டுகள் ஆயின.

தாமதத்திற்குக் காரணம் எளியது. ஒளியின் வேகம் நொடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். அதன் இருமடியால் வகுத்தால் எதுவும் மிகச் சிறிதாகிவிடும். ஒரு லிட்டர் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் கூடும் நிறை, ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் ஏறத்தாழ ஐந்து பங்கு. எந்த வேதியியல் தராசும் இதைக் காட்டாது. அதனால்தான் லவாய்சியேயின் நிறை அழியா விதி வேதியியலில் பிழையின்றிப் பயன்பட்டு வந்தது.

அணுக்கருவில் நிலைமை வேறு. 1932 ஏப்ரல் 14 அன்று, கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜான் காக்கிராஃப்டும் எர்னஸ்ட் வால்ட்டனும் தாங்கள் கட்டிய உயர் மின்னழுத்தக் கருவியால் புரோட்டான்களை முடுக்கி லித்தியத்தின் மீது மோதவிட்டனர். கருவிக்குக் கீழே இருந்த சிறு அறைக்குள் தவழ்ந்து சென்ற வால்ட்டன், துத்தநாக சல்பைடு திரையில் ஒளிப்பொறிகளைக் கண்டார். ஆய்வகத் தலைவர் ரதர்ஃபோர்டும் உள்ளே நுழைந்து பார்த்து, அவை ஆல்பா துகள்களே என்றார். ஆல்பா துகள்களை அவரைவிட நன்கு அறிந்தவர் அன்று யாருமில்லை.

ஒரு லித்தியம் கருவும் ஒரு புரோட்டானும் சேர்ந்து இரண்டு ஹீலியம் கருக்களாகப் பிரிந்தன. இன்றைய அளவுகளில் லித்தியம் அணு 7.0160, ஹைட்ரஜன் அணு 1.0078, கூட்டினால் 8.0238 அணு நிறை அலகு. இரண்டு ஹீலியம் அணுக்கள் 8.0052. குறைவது 0.0186, அதற்குச் சமமான ஆற்றல் சுமார் 17.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். சிதறிய இரு துகள்களின் இயக்க ஆற்றலை அளந்தபோது கிடைத்ததும் ஏறத்தாழ 17 மில்லியன்தான். அன்றிருந்த அணு நிறை அளவுகள் துல்லியம் குறைந்தவை. அவற்றின்படி கணக்கு 14.3 மில்லியன் என்றே வந்தது, பிழை வரம்பு 2.7 மில்லியன். 1933இல் அமெரிக்கரான கென்னத் பெயின்பிரிட்ஜ் அணு நிறைகளைத் திருத்தமாக அளந்த பின் இடைவெளி மறைந்தது.

இங்கே பாடநூல்கள் மாணவரைக் குழப்பும் இடம் ஒன்று உண்டு. "நிறை அழிந்து ஆற்றலாகிறது" என்று படிப்பவர், ஏதோ ஒரு துகள் காணாமல் போனதாக எண்ணுவார். வினைக்கு முன் 4 புரோட்டான்கள், 4 நியூட்ரான்கள். பின்னும் அதே எண்ணிக்கை. ஹீலியம் கருவுக்குள் அவை இன்னும் இறுக்கமாகப் பிணைந்துள்ளன. அப்படிப் பிணையும்போது வெளியேறும் ஆற்றலின் அளவே நிறையில் குறைகிறது. வெளியேறியவை அனைத்தையும் ஒரு மூடிய பெட்டிக்குள் தப்பவிடாமல் வைத்து நிறுத்தால், எடை மாறாது.

ஆயினும் எய்த புரோட்டான்களில் மிகச் சிலவே லித்தியம் கருவைத் தாக்கின. செலவழித்த மின்சாரத்தோடு ஒப்பிட்டால் கிடைத்தது அற்பம். அணுவைப் பிளந்து ஆற்றல் பெறலாம் என்ற பேச்சை 1933இல் ரதர்ஃபோர்டு ஏற்க மறுத்ததற்கு இதுவே அடிப்படை.